கணவர் விட்டுச்சென்ற ரிவோல்வருக்கு எந்த ரவை வாங்குவது?

நுவரெலியா மாவட்டத்தில் மரக்கறி விளையும் சிற்றூர் ஒன்றிலிருந்து 46 வயதான சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் மறைக்கும்படி அவர் கேட்டிருப்பதால், அவரை இனங்காட்டக்கூடிய வேறு சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவருடைய கணவர் விவசாயிகளிடம் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு வாங்கி லொறியில் தம்புள்ளைக்கு அனுப்பி வந்த வியாபாரி. கையில் பெருந்தொகைப் பணத்தோடு இரவில் வீடு திரும்ப வேண்டியிருந்ததால், தற்பாதுகாப்புக்கென ஒரு ரிவோல்வர் வைத்திருக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தார். 2024 ஆகஸ்ட் மாதம் மாரடைப்பால் அவர் காலமானார். அதற்குப் பின் 14 மாதங்கள் கடந்துவிட்டன. ரிவோல்வர் அலுமாரியின் மேல்தட்டில், அவர் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்த தோல் உறைக்குள் அப்படியே இருக்கிறது. கூடவே பச்சை பூத்த 6 ரவைகளும் இருக்கின்றன.

வீட்டில் இவரும் 16 வயது மகனும் வயதான மாமியாரும் மட்டுமே. தந்தை போன பிறகு மகன் பேச்சைக் குறைத்துக்கொண்டு, அவருடைய பொருட்களை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறான் என்கிறார். வீட்டின் முன்பகுதி சீமெந்துக் கல்லால் கட்டியது. பின்னறையும் குசினியும் பலகையும் தகரமும். அதற்கு 10 அடி பின்னால் ஆறு குடும்பங்கள் வாழும் வரிசை வீடான லயம். கடந்த மாதம் அயல்வீடொன்றில் கூரைத் தகரத்தைக் கழற்றி இறங்கிய திருடர்கள், நகைகளை எடுத்ததோடு, விழித்தெழுந்த முதியவரை அடித்தும் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து இவருக்கு உறக்கமில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் தம்பி, "பழைய ரவைகளை வீசிவிட்டு நுனியில் குழி உள்ள ரவை வாங்கி வை அக்கா, அது ஆளுக்குள்ளேயே நின்றுவிடும், சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போகாது" என்று சொல்லியிருக்கிறார். கொழும்பிலுள்ள கொழுந்தனாரோ, கடதாசி எதுவும் இல்லாமல் ரவை எடுத்துத் தர ஆள் இருப்பதாகச் சொல்கிறார். "எந்த ரவை நல்லது? அவருடைய அனுமதிப்பத்திரத்தைக் காட்டி நான் வாங்கலாமா? வீட்டுக்குள் வந்தவனைச் சுட்டால் சட்டம் என் பக்கம்தானே? எது எப்படிப் போனாலும் அந்தத் தோல் உறையை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பலகைச் சுவருக்கு அப்பால் ஒரு நாய் குரைத்தாலே எழுந்து உட்கார்ந்து விடியும்வரை காத்திருக்கும் வீட்டின் பயம் எப்படிப்பட்டது என்பதை மலையகத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற வகையில் நான் அறிவேன். அந்தப் பயத்தை வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் முதலில் கேட்ட ரவையைப் பற்றிய கேள்விக்குப் போகுமுன், உங்கள் கேள்விகளின் நடுவில் ஒரே வரியில் கேட்டுவிட்டுக் கடந்துபோன அனுமதிப்பத்திரத்தைப் பற்றித்தான் நான் பேசவேண்டும். ஏனெனில் இன்று உங்கள் வீட்டுக்கு மிக அருகில் நிற்கும் ஆபத்து அதுதான்.

அனுமதிப்பத்திரம் அவரோடு முடிந்துவிட்டது

வீடு, லொறி, வங்கிக் கணக்கு ஆகியவை கணவருக்குப் பின் மனைவிக்கும் பிள்ளைக்கும் வந்து சேர்வதைப்போல ரிவோல்வரும் வந்து சேர்ந்துவிட்டது என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அப்படி எண்ணுவது இயல்பு. சட்டத்தரணியான என்னிடம் வந்த படித்த குடும்பங்களும் இதே தவறைச் செய்திருக்கின்றன. ஆனால் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்படும் அனுமதி, பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கு, அவருடைய தேவையையும் நடத்தையையும் ஆராய்ந்து கொடுக்கப்படுவது. அவர் இறந்ததும் அது முடிந்துவிடுகிறது. அவர் உயிரோடு இருந்திருந்தாலும் அந்தப் பத்திரம் டிசம்பர் 31 ஆம் திகதியோடு காலாவதியாகி, அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட வேண்டியதே. அதோடு, 2024 ஆம் ஆண்டின் இறுதியில் தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகள் அனைத்தையும் மீளாய்வுக்காகத் தற்காலிகமாகத் திருப்பி ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அப்போது உங்கள் வீடு துக்கத்தில் இருந்தது. அந்த அறிவித்தல் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

ஆகவே சட்டத்தின் பார்வையில் உங்கள் அலுமாரியில் இன்று இருப்பது அனுமதியில்லாத ஒரு துப்பாக்கி. அது இருப்பது உங்கள் பொறுப்பில். 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின் இந்தக் குற்றத்துக்கான தண்டனைகள் மிகக் கடுமையானவை. பிணை பெறுவதே சிரமமான வழக்குகளில் இதுவும் ஒன்று. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தவறான எண்ணத்தில் கைவசம் வைத்திருந்தவர், தாமாக முன்வந்து, சட்டத்தரணி மூலமாக, மரணச் சான்றிதழோடும் பழைய அனுமதிப்பத்திரத்தோடும் ஒப்படைக்கும்போது அந்த நேர்மை அவருக்குச் சார்பாகப் பேசும். அதே துப்பாக்கி ஒரு சோதனையில் அகப்பட்டால் அப்படிப் பேச எதுவும் இராது.

கொழுந்தனாரின் யோசனையை இங்கேயே தள்ளிவிடுங்கள். ரவையும் சட்டத்தின் கட்டுப்பாட்டிலுள்ள பொருள். 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் அதைத் தொடுகிறது. அனுமதி உள்ளவர்கூட அந்த அனுமதி இடம்தரும் வகையிலும் எண்ணிக்கையிலும், அதிகாரம் பெற்ற இடத்திலேயே வாங்கவேண்டும். இதுவரை நீங்கள் செய்தது அறியாமையால் வந்த தாமதம் என்று எந்த நீதவானுக்கும் எடுத்துச் சொல்லலாம். கடதாசி இல்லாமல் 6 ரவை வாங்கிய மறுகணம் அது தெரிந்தே செய்த குற்றமாகிவிடும். வாங்கித் தந்தவரும் சேர்ந்து அகப்படுவார்.

நீங்களே புதிதாக விண்ணப்பிக்கலாமா என்றால், விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் உங்கள் கணவருக்கு இருந்த காரணம் அவருடைய தொழில் சார்ந்தது. அயலில் திருட்டு நடந்தது என்ற காரணத்தை மட்டும் வைத்துக் கைத்துப்பாக்கி அனுமதி கிடைப்பதை என் அனுபவத்தில் நான் காணவில்லை. "பக்கத்து ஊரில் அவர்கள் வீட்டிலும் துவக்கு இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அநேகமாகக் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவென மாவட்டச் செயலகத்தின் ஊடாகக் கிடைத்த சொட்கன்னாக இருக்கும். அந்த நடைமுறை வேறு.

இனி, நீங்கள் கேட்ட ரவை

இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் சட்டத்தை மட்டும் எழுதி அனுப்பினால் தம்பியின் சொல்தான் உங்கள் மனதில் நிலைத்து நிற்கும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். சுடுகலன் வழக்குகளில் நிபுணர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதற்காக இந்த விடயங்களை நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

குழலின் பக்கத்தில் ".38" என்று பொறித்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து ரவையைத் தெரிவுசெய்ய முடியாது, ஏனென்றால் அதே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத ரவைகள் இருக்கின்றன. பிரித்தானியர் காலத்து .38 வெப்லி, என்ஃபீல்ட் ரிவோல்வர்களுக்கு உரியது குட்டையான கோது, அதாவது குண்டைப் பிடித்திருக்கும், வெடிமருந்து அடைத்த பித்தளைக் கூடு. அதன் நீளம் 20 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1898 இல் உருவாக்கிய .38 ஸ்பெஷலின் கோதோ 29 மில்லிமீற்றருக்கு மேல் நீளமானது, சற்று ஒல்லியானது. 1935 இல் வந்த .357 மெக்னம் ரவை .38 ஸ்பெஷலோடு ஒரே விட்டம் உடையது, ஆனால் அதற்குள் எழும் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கு; பழைய துப்பாக்கிக்குள் தவறிப் போய்விடக்கூடாது என்பதற்காகவே அதன் கோதை 3 மில்லிமீற்றருக்குமேல் நீட்டிச் செய்தார்கள். மெக்னம் ரிவோல்வரில் .38 ஸ்பெஷலைப் போடலாம், .38 ஸ்பெஷல் ரிவோல்வரில் மெக்னத்தைப் போடக்கூடாது. அழுத்தம் கூட்டப்பட்ட .38 ரவைகளும் தனியாக உண்டு. அவை பழைய ரிவோல்வர்களுக்கு உகந்தவை அல்ல. எண்ணைப் பார்த்து எவரோ எடுத்துத் தரும் ரவை இவற்றில் எது என்பதைக் கொழுந்தனாரும் அறியமாட்டார், அந்த ஆளும் அநேகமாக அறியமாட்டார்.

அடுத்தது, நுனியின் வடிவம். .38 ஸ்பெஷலில் நெடுங்காலமாக வழங்கியது உருண்டை முனையுள்ள ஈயக்குண்டு. எடை 158 கிரேன், அதாவது 10 கிராமுக்குச் சற்று அதிகம். ஈயத்தின் மேல் செம்பு உறை போர்த்தியதும் உண்டு. தம்பி சொல்லும் குழி முனைக் குண்டு, ஈரமான சதைக்குள் நுழையும்போது அந்தக் குழி நிரம்பி விரிந்து, பூ மலர்வதைப்போல அகன்று, வேகத்தை இழக்கும்படி செய்யப்பட்டது. விரியும் குண்டுகள் ஏற்படுத்தும் காயத்தின் கொடுமையைக் கண்டுதான் 1899 ஆம் ஆண்டு ஹேக் நகரப் பிரகடனம் அவற்றைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது; கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற இடத்திலிருந்த ஆயுதசாலையில் செய்ததால் அவற்றுக்கு டம்டம் என்ற பெயரும் ஏற்பட்டது. அந்தத் தடை நாடுகளுக்கிடையேயான போருக்கானது. அமெரிக்காவில் பொலிஸாரும் பொதுமக்களும் அவற்றை இன்று பயன்படுத்துகிறார்கள் என்பதால், தம்பி தன்னைச் சுற்றி நடப்பதைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர்மீது எனக்குக் குறையில்லை.

ஆனால் அவர் சொன்னதில் பாதி மட்டுமே சரி. 1986 இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தமது முகவர்கள் இருவரை இழந்த பிறகு, அமெரிக்காவின் மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ரவைகளைச் சோதிக்கும் முறையைத் திருத்தி அமைத்தது. சதையை ஒத்த ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை, அதாவது 30 முதல் 45 சென்ரிமீற்றர் வரை செல்லவேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவு. ஆகவே நல்லது என்று அவர்கள் தெரிந்தெடுக்கும் குழி முனைக் குண்டும் ஓர் அடி ஆழம் செல்லக்கூடியதுதான். அப்படிப்பட்ட குண்டை ஓர் அங்குலப் பலகை என்ன செய்துவிடும்? மேலும், பலகையையோ தடித்த கம்பளியையோ முதலில் துளைத்தால் அந்தத் தூள் குழிக்குள் அடைத்துக்கொள்ள, குண்டு விரியாமல் சாதாரணக் குண்டைப்போலவே அப்பால் போய்விடக்கூடும். குட்டைக் குழல் ரிவோல்வரிலிருந்து வேகம் குறைந்து வரும்போதும் சிலவேளை அது விரிவதில்லை. இலக்கைத் தவறவிட்ட குண்டுக்கோ எந்த முனையாக இருந்தாலும் வித்தியாசமில்லை. இருட்டில், நடுங்கும் கையால், பயிற்சியில்லாமல் சுடும்போது தவறுவதே அதிகம். குறிப்பாக உங்கள் வீட்டின் பின்பகுதியில், ஒரு மனிதனை நிறுத்தக்கூடிய எந்த ரிவோல்வர் ரவையும் அந்தத் தகரத்தையும் பலகையையும் கடந்து லயத்துக்குப் போகும்.

பச்சை பூத்த அந்த 6 ரவைகளைப் பற்றி இன்னொன்று. அந்தப் பச்சை, பித்தளைக் கோதில் ஈரம் ஏறியதன் அடையாளம். எங்கள் மாரிகாலக் குளிரும் மூடுபனியும் அலுமாரிக்குள்ளும் வந்துவிடும். இப்படியான ரவை வெடிக்காமல் போகலாம். விசையை இழுத்துச் சற்றுத் தாமதித்து வெடிக்கலாம். அரைகுறையாக வெடித்துக் குண்டு குழலுக்குள் சிக்கிவிட்டால், அடுத்த ரவை குழலையே பிளந்து சுட்டவரின் கையைச் சேதப்படுத்தும். நல்லதா கெட்டதா என்று சுட்டுப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். துடைக்கவோ எண்ணெய் பூசவோ, ஓடையில் வீசவோ, தோட்டத்தில் புதைக்கவோ வேண்டாம். ஓடையில் எறிந்தது பிள்ளைகளின் கையில்தான் முடிவில் கிடைக்கும்.

ஒரு கேத்தல்

பல வருடங்களுக்கு முன் நான் ஆஜரான வழக்கொன்றை, ஆட்களை இனங்காண முடியாதபடி, உங்களுக்குச் சொல்லவேண்டும். என் கட்சிக்காரரிடம் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருந்தது. ரவையும் முறையாக வாங்கியதுதான். விடியற்காலை நாலரை மணிக்குப் பின்கதவில் சத்தம் கேட்டு, கதவைத் திறக்காமலேயே ஒரு தடவை சுட்டார். கதவுப் பலகையை அறுத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். உட்புறத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமான, சுத்தமான துவாரம். வெளிப்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிராம்புகள் பெயர்ந்து கிடந்தன. அந்தக் குண்டு முற்றத்தைக் கடந்து, லயத்தின் தகரச் சுவரைத் துளைத்து, காலை வேலைக்குப் போகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்த அலுமினியக் கேத்தலில் பட்டது. சான்றுப் பொருளாக அந்தக் கேத்தல் மேசைமேல் இருந்தது. அதன் வயிற்றில் ஒரு பக்கம் துவாரம், மறுபக்கம் புடைப்பு, உள்ளே காய்ந்த சாயக் கறை. அதைத் தொட்டு அடையாளம் காட்டும்படி கேட்டபோது அந்தப் பெண் கையை நீட்டவில்லை. "அதுதாங்க" என்று தள்ளி நின்றே சொன்னார். கதவில் சத்தம் செய்தது முதல்நாள் இரவு வெளியே அடைபட்டுப்போன என் கட்சிக்காரருடைய சொந்த நாய்.

எவரும் சாகவில்லை. என் கட்சிக்காரர் நல்ல மனிதர், பயந்துபோன மனிதர். அனுமதிப்பத்திரம் இருந்தும் அவர் வழக்கில் அலைந்து அனுமதியையும் இழந்தார். அந்தக் கேத்தலைப் பார்த்த நாளிலிருந்து, சுடுவதைப் பற்றிப் பேசும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, அந்தச் சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

"வீட்டுக்குள் வந்தவனைச் சுட்டால் சட்டம் என் பக்கம்தானே?"

தற்காப்பு உரிமை எங்கள் சட்டத்தில் உண்டு. அதைச் சிறியதாக நான் காட்டமாட்டேன். தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் அதைப் பற்றியவை. உங்கள் உடலையும் உங்கள் வீட்டார் உடலையும், சொத்தையும் காப்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. கொல்லப்படுவோம் அல்லது கொடுங்காயப்படுவோம் என்று நியாயமாக அஞ்சவைக்கும் தாக்குதலிலும், பாலியல் வன்முறை போன்ற தாக்குதலிலும், 93 ஆம் பிரிவின்படி அந்த உரிமை எதிராளியின் மரணம்வரை செல்லலாம். சொத்தைக் காப்பதிலும், கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் போன்ற சிலவற்றில் 96 ஆம் பிரிவு அதே எல்லையைத் தருகிறது. "இரவில் வந்தால் சுடலாம்" என்று ஊரில் சொல்வதற்கு வேர் இந்தப் பிரிவுதான்.

ஊரில் சொல்லாமல் விடுவது 92 ஆம் பிரிவை. தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்ய இந்த உரிமை ஒருபோதும் இடந்தராது. அரச அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருந்தால் உரிமையே எழாது. தகரத்தைக் கழற்றும் சத்தம் கேட்டு 20 நிமிடம் காத்திருந்து, தொலைபேசியைத் தொடாமல், இறங்கியவனைச் சுட்டவருக்கு இந்தக் கேள்வி நிச்சயம் வரும். முதுகு காட்டி ஓடுபவனைச் சுட்டால் வேறு கேள்வி வரும். தற்காப்பு என்ற விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பு, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர் மேலேயே விழுகிறது. நல்லெண்ணத்தோடு எல்லை மீறியிருந்தால் 294 ஆம் பிரிவின் விதிவிலக்கொன்று கொலைக் குற்றத்தைக் கொலையாகாத ஆட்கொலையாகக் குறைக்கும். அதுவும் பல வருடச் சிறைதான்.

துப்பாக்கிக்கு அனுமதி இல்லை என்பதால் தற்காப்பு உரிமை இல்லாமல் போய்விடாது என்பதையும் சொல்லவேண்டும். அவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். ஆனால் முதற்கேள்வியில் நீங்கள் தப்பினாலும், அனுமதியில்லாத துப்பாக்கி என்ற இரண்டாவது குற்றச்சாட்டு தனியே நிற்கும். உங்களைக் கைதுசெய்து கொண்டுபோனால் மாமியாரோடும் மகனோடும் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? தம்பிக்கும் உங்களுக்கும் இடையே வாட்ஸ்அப்பில் போன செய்திகளைக் கடிதத்தில் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். "ஒரே ரவையில் ஆள் முடியவேண்டும்" என்ற வரியை அவர் அன்பினால்தான் எழுதினார். அதே வரி ஒரு வழக்கில் வாசிக்கப்படும்போது கொல்லும் நோக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படும்.

உங்கள் மகன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விடுவது தவறாகும். தந்தையை இழந்து, பேச்சைக் குறைத்து, அவர் பொருட்களோடு தனித்திருக்கும் 16 வயதுப் பிள்ளைக்கும் பூட்டில்லாத அலுமாரியிலுள்ள ரிவோல்வருக்கும் இடையே வெறும் ஒரு முக்காலியின் உயரம்தான் இருக்கிறது. உங்கள் மகன் எதையும் செய்துவிடுவான் என்று நான் சொல்லவில்லை. கொடிய பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீட்டில் ஒரு கெட்ட நிமிடம்கூடத் திரும்பப் பெறமுடியாததாகிவிடும் என்பதை எங்கள் நாடே பார்த்திருக்கிறது. மலையகத் தோட்டங்களில் பூச்சிமருந்துப் போத்தல் எத்தனை வீடுகளை அழித்தது என்பது உங்களுக்கும் தெரியும். 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள்; மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததன் பின், இருபது வருடங்களில் அந்த விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. மனிதரின் துயரம் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டிய பொருள்தான் குறைந்தது. மகனோடு நேரடியாகப் பேசுங்கள். அவனுக்கு அல்லது உங்களுக்குத் தாங்கமுடியாமற் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

நாளையிலிருந்து செய்யவேண்டியவை

ரிவோல்வரை நீங்கள் கையில் எடுக்கவேண்டாம். அதில் ரவை ஏற்றியிருக்கிறதா என்று திறந்து பார்க்கவும் வேண்டாம். அந்த அறையைப் பூட்டிச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பையில் சுற்றி பஸ்ஸில் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவது பெரிய தவறாகும். வழியில் சோதனையில் அகப்பட்டால், ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் பல நீதிமன்ற வளாகங்களில் அலுவலகங்கள் உண்டு. கணவரின் மரணச் சான்றிதழ், அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி, அவருடைய அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சட்டத்தரணி உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவித்து, பொலிஸார் வீட்டுக்கு வந்து ரிவோல்வரையும் 6 ரவைகளையும் பொறுப்பேற்கும்படி ஏற்பாடு செய்வார். துப்பாக்கியின் தொடர் இலக்கமும் ரவைகளின் எண்ணிக்கையும் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டைப் பெறாமல் எதையும் கொடுக்கவேண்டாம். முறைப்பாட்டுப் புத்தகத்திலுள்ள பதிவு இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். பொதுமன்னிப்புக் காலம் ஒன்று அறிவிக்கப்படும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

இரவைப் பற்றியும் நீங்கள் கேட்காமலே சில சொல்கிறேன். திருடர்கள் அயல்வீட்டில் கூரை வழியாக இறங்கியிருக்கிறார்கள். ஆகவே கதவுக்குப் பெரிய பூட்டுப் போடுவதைவிட, படுக்கும் அறையின் மேல் தகரத்துக்குக் கீழே கம்பிவலை அடிப்பதும், அந்த அறைக்கதவை உட்புறமாகக் குறுக்குத் தாழ்ப்பாளால் பலப்படுத்துவதும் உதவும். முன்பகுதியின் கல் அறையொன்றுக்கு நீங்கள் மூவரும் படுக்கையை மாற்றுங்கள். மின்னேற்றிய கைத்தொலைபேசியும் டோர்ச்சும் அங்கேயே இருக்கட்டும். சத்தம் கேட்டால் வெளியே போய்ப் பார்க்காமல், உள்ளே தாழிட்டு 119 க்கு அழையுங்கள். வியாபாரப் பணத்தை வீட்டில் வைக்காதீர்கள். வைப்பதில்லை என்பது ஊருக்குத் தெரிவதும் நல்லது.

பொலிஸ் நிலையம் 11 கிலோமீற்றர் தூரம் என்று எழுதியிருந்தீர்கள். லயம் 10 அடி தூரம். அந்த ஆறு குடும்பங்களில் இருவரோடாவது இந்த வாரமே உட்கார்ந்து பேசி, தகரத்தில் விடாமல் தட்டும் சத்தம் கேட்டால் எல்லோரும் விளக்கைப் போட்டுச் சத்தமிட்டு வெளியே வருவது என்று ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கு ஒன்று என்றால் நீங்களும் அதையே செய்வதாகச் சொல்லுங்கள். நீங்கள் வாங்க நினைத்த ரவை முதலில் போய்ச்சேரக்கூடிய வீடுகள் அவர்களுடையவை. உங்கள் குரலுக்கு முதலில் ஓடிவரக்கூடியவர்களும் அவர்களே.

கடைசியாக, அந்தத் தோல் உறை. அது ஆயுதமல்ல, அதை வைத்திருக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பொலிஸார் வரும் நாளில், ரிவோல்வரை அவர்களே உறையிலிருந்து எடுத்துச் சோதித்துப் பொறுப்பேற்கும்படியும், உறையைத் திருப்பித் தரும்படியும், உறை சேர்க்கப்படவில்லை என்பதைப் பற்றுச்சீட்டில் ஒரு வரியில் எழுதும்படியும் உங்கள் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.